டிஸ்ஸெடால் நீர்மின் நிலையம்: லக்சபானவில் ஷிஃப்ட் பார்த்தவன் போய்ப் பார்த்தது

நோர்வேயில் பிள்ளைகள் இருக்கிற கொழும்புக்காரர்களுக்கு என்று ஒரு பயண ஒழுங்கு இருக்கிறது. போய் இறங்கிய கையோடு கோயில், அப்புறம் மலைகளுக்கு நடுவே நீளும் கடலான ஃபியோர்டில் ஒரு கப்பல் சவாரி, மிச்ச நாளெல்லாம் பேரப்பிள்ளை பார்ப்பது. கப்பலைக் குறை சொல்ல மாட்டேன். மலை, தண்ணீர், பனி எல்லாம் வடிவாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு ஒதுக்குகிற நாளில் ஹார்டங்கர் பக்கம் டிஸ்ஸெடால் என்கிற சின்ன ஊருக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அங்கே 1908 முதல் 1989 வரை ஓடிய ஒரு நீர்மின் நிலையத்தை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையில் மாலையில் என்னோடு தேத்தண்ணி குடிக்கிற கூட்டத்துக்கு இந்தக் கதை கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மிச்சப் பேருக்கும் போய்ச் சேரட்டும்.

நான் மஸ்கெலியாக்காரன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பழைய லக்சபான மின்நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்து, ஓய்வுபெற்ற பிறகு கொழும்புக்கு வந்தவன். மகள் குடும்பம் பேர்கனில். அதனால் இதில் என் சொந்தப் பைத்தியமும் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் வழி. பேர்கனிலிருந்து காரில் போனால் மூன்று மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் யொண்டாலுக்கு ஒரு ஃபெரி, அதைத் தாண்டியதும் பத்துக் கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதை. கார் இல்லாதவர்கள் வொஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஒட்டா பஸ்ஸைப் பிடிக்கலாம். அது 2013இல் திறந்த ஹார்டங்கர் தொங்குபாலத்தில் ஏறி, ஃபியோர்டின் கிழக்குக் கரையோடு வந்து, டிஸ்ஸெடாலைத் தொட்டுக்கொண்டுதான் ஒட்டாவுக்குப் போகும். இரண்டு ஊருக்கும் இடையில் ஆறு கிலோமீற்றர்தான். கொழும்பிலிருந்து பொதிப் பயணம் வாங்கிப் போகிறவர்கள் மட்டும் கவனம். என் நண்பர் ஒருவருக்கு ஒரு முகவர் நிலையம், பேர் வேண்டாம், 'நீர்மின் நிலையம் பார்வையிடல்' என்று அச்சடித்துக் கொடுத்திருந்தது. பஸ்ஸை நிறுத்தி வெளியிலிருந்து படம் எடுக்கவிட்டதோடு பார்வையிடல் முடிந்ததாம்.

ஃபியோர்டின் கரையில், தண்ணீருக்குப் பக்கத்திலேயே கட்டடம் நிற்கிறது. தோர்வல்ட் ஆஸ்ட்ரூப் என்ற கட்டடக் கலைஞரின் வேலை. நீளமான மண்டபம், உயரமான ஜன்னல்கள். தெரியாதவர்கள் பார்த்தால் தேவாலயமோ ரயில் நிலையமோ என்று நினைப்பார்கள். ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தால் சந்தேகமே வராது. செங்குத்தான பாறையில் இரும்புக் குழாய்கள் நேரே மேலே ஏறுகின்றன. அவை தொடங்கும் இடத்துக்கு லில்லெதொப் என்று பேர். நிலையத்திலிருந்து ஏறக்குறைய 400 மீற்றர் உயரம். நாங்கள் பென்ஸ்டாக் என்று சொல்வது இதைத்தான். நான் காரை விட்டு இறங்கியதும் உள்ளே போகாமல் குழாய்களைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். மருமகன், 'மாமா, ரிக்கெட் எடுத்தாச்சு, உள்ளே வாங்க' என்று கூப்பிடவேண்டியதாகிவிட்டது.

400 மீற்றர் என்றால் என்ன என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். குழாயின் அடியில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் கிட்டத்தட்ட 40 கிலோ அழுத்தம். அந்தத் தண்ணீரை மெல்லிய மூக்கு வழியாக வெளியே விட்டால், உராய்வில் போவது போக, மணிக்கு 300 கிலோமீற்றர் அளவில் பாயும். கையை நீட்டினால் கை இருக்காது. அந்தப் பாய்ச்சலை வாங்கிச் சுற்றுவதற்குத்தான் பெல்டன் டர்பைன். லக்சபானவிலும் அதே வகைதான், ஏனென்றால் எங்களுக்கும் தண்ணீர் குறைவு, இறக்கம் அதிகம். விக்டோரியா மாதிரி பெரிய அணைக்குக் கீழே இருக்கிறவை வேறு ரகம்.

இயந்திர மண்டபத்தில் அந்த டர்பைன்களும் ஜெனரேட்டர்களும் வரிசையாக, கழற்றாமல், நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மேலே ஓவர்ஹெட் கிரேன். கம்பிக்கு அப்பால் நின்று எட்டிப் பார்க்கிற வேலை இல்லை, பக்கத்திலேயே போய் நிற்கலாம். பெல்டன் சக்கரத்தின் கிண்ணங்களைக் கிட்டத்தில் பார்த்தேன். இரண்டு சிரட்டைகளை ஒட்டவைத்து, நடுவில் ஒரு கூரான வரம்பு விட்டது மாதிரி இருக்கும். பாய்ந்து வருகிற தண்ணீர் அந்த வரம்பில் மோதி, இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் வளைந்து திரும்பும். சூட்சுமம் முழுவதும் அந்த வரம்பில்தான். அது மழுங்கினால் தண்ணீர் சிதறும், சக்கரத்துக்குப் போகவேண்டிய பலம் வீணாகும். எங்கள் இடத்தில் மழைக்காலத்தில் மணல் கலந்து வருகிற தண்ணீர் கிண்ணங்களை அரித்துப் பொத்தல் போடும். வெல்டிங் வைத்து, கிரைண்ட் பண்ணி, அச்சு வைத்துப் பார்த்து, திரும்ப ஏற்றுவார்கள். இங்கேயும் ஒரு கிண்ணத்தின் விளிம்பில் அதே பொட்டுப் பொட்டான அரிப்பு. பெருவிரலால் தடவிப் பார்த்தேன். பனிமலைத் தண்ணீரிலும் மணல் உண்டு.

வழிகாட்டியாக வந்தது ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை, விடுமுறை வேலைக்கு வந்திருந்தாள். தெளிவான ஆங்கிலம். எல்லாருக்கும் சொல்வதைச் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, ஏன் அந்த பெயரிங்கையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஒவ்வொரு மணித்தியாலமும் போய் பெயரிங் சூடு எவ்வளவு, எண்ணெய் மட்டம் எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுவது, நடு இரவில் சத்தத்தில் சின்ன வித்தியாசம் வந்தாலே தூக்கம் கலைவது, கொழும்பில் எல்லாரும் ஒன்றாக விளக்குப் போடுகிற மாலை ஆறரை மணிக்கு மின்தேவை, அதாவது லோட், ஏறுகிற வேகம், எல்லாம். அவள் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கிவிட்டாள். கூட வந்த ஜெர்மன்காரர்கள் என்னிடமே கேள்வி கேட்கத் தொடங்கியதும் மருமகனுக்கு வெட்கமாகிவிட்டது. பேத்திக்கு மட்டும் பெருமை.

ஒரு குறை மனதில் பட்டது, அது இடத்தின் குற்றம் இல்லை. மண்டபத்தில் சத்தம் இல்லை. ஓடுகிற நிலையத்தில் நின்றால் தரை வழியாகக் காலுக்கு ஒரு அதிர்வு ஏறும், பக்கத்தில் நிற்கிறவரோடு கத்தித்தான் பேசவேண்டும். தெரியாதவர்களுக்கு இவ்வளவு இரும்பும் சும்மா நிற்கிற இரும்பாகத்தான் தெரியும். போகிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கற்பனையில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் இப்போது 1980இல் வந்த ஒக்ஸ்லா என்ற நிலையத்துக்குப் போகிறது. அது மலைக்குள்ளே இருக்கிறது.

இயந்திரத்தை விட்டால், எனக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு. மின்சாரம் எங்கே போனது, யார் அதைக் கட்டினார்கள் என்ற இரண்டு கேள்வியையும் இவர்கள் ஒளிக்கவில்லை. 1906க்கு முன் ஒட்டா உல்லாசப் பயணிகளின் ஊர். கப்பல் கப்பலாக வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள், ஜெர்மன் சக்கரவர்த்தி இரண்டாம் வில்லியம்கூட வந்துபோனவர். அப்புறம் ஆங்கிலேய முதலீட்டில் கல்சியம் காபைட் ஆலை வந்தது. காபைட் செய்ய மின்னுலை வேண்டும், மின்னுலைக்கு அசுரத்தனமான மின்சாரம் வேண்டும். அதற்காகத்தான் டிஸ்ஸெடாலில் நிலையம் எழும்பியது. வீட்டு விளக்குக்கு என்று யாரும் கட்டவில்லை. புகை வந்ததும் சுற்றுலாக்காரர்கள் ஓடிவிட்டார்கள்.

காபைட் என்றதும் எங்கள் வீட்டம்மாவுக்கு புறக்கோட்டையில் மாம்பழம் பழுக்கவைக்கிற கல்தான் ஞாபகம் வந்தது. அதே சாமான்தான். தண்ணீர் பட்டால் வாயு வரும், அந்த வாயுவில் விளக்கு எரிக்கலாம், இரும்பு ஒட்டலாம், களவாக மாங்காயும் பழுக்கவைக்கலாம். அதே காபைட்டோடு காற்றிலிருக்கிற நைதரசனைச் சேர்த்து ஒட்டாவில் உரமும் செய்தார்கள். மழைத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி மின்சாரமாகி, மின்சாரம் கல்லையும் காற்றையும் சேர்த்து உரமாகி வயலுக்குப் போன கதையை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. உரம் செய்கிற 'ஒட்டா முறை' என்று இன்றும் சொல்கிறார்களே, எர்லிங் யொன்சன் 1920களில் கண்டுபிடித்தது, அதுவும் இந்த ஊர்தான். காபைட் ஆலை 2000களின் தொடக்கத்தில் மூடிவிட்டது. ஃபியோர்ட் பட்ட பாட்டையும் மறைப்பதற்கில்லை. துத்தநாக ஆலைக் கழிவால் ஒருகாலத்தில் உலகத்திலேயே மோசமாகக் கெட்டுப்போன ஃபியோர்டுகளில் ஒன்றாக இது இருந்தது. 1980களில்தான் அந்தக் கழிவை மலைக்குள் குடைந்த அறைகளில் கொட்டத் தொடங்கினார்கள்.

சட்டக் கதையும் கேட்கவேண்டியது. வெளிநாட்டுக் காசு வந்து நீர்வீழ்ச்சிகளை வாங்கிக் குவிக்கிறதே என்று நோர்வேக்காரர்கள் 1906இலேயே அவசரச் சட்டம் போட்டார்கள். 1917இல் அது முழுச் சட்டமானது. அன்றைய அந்தச் சட்டப்படி தனியார் நிறுவனம் நீர்மின் நிலையம் கட்டலாம், ஆனால் உரிமக் காலம் முடிந்ததும் அணை, குழாய், இயந்திரம் எல்லாம் காசில்லாமல் அரசுக்கு வந்துவிடவேண்டும். அதே காலத்து லண்டன் காசுதான் எங்கள் மலையில் தேயிலை போட்டது. அங்கே காலம் முடிந்தால் திருப்பிக் கொடு என்று சொல்ல ஆள் இருந்தது.

குழாய் பதித்தவர்கள், பாறை உடைத்தவர்கள் எல்லாரும் ஊர் ஊராக வேலை தேடி அலைந்த கூலியாட்கள். ரல்லார் என்று சொல்கிறார்கள். அவர்கள் கொட்டில்களில் படுத்தது, சமைத்துப்போட வந்த பெண்கள், பனியில் சாமான் சுமந்தது எல்லாவற்றுக்கும் இங்கே மரியாதையான இடம் கிடைத்திருக்கிறது. ஒட்டாவில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றையும் இதே அருங்காட்சியகம் காலத்துக்கு ஒரு வீடாகப் பழைய தளபாடத்தோடு வைத்திருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். ஒரு சின்னக் குசினி, அடுப்பு, மூலையில் தண்ணீர் வாளி. எங்கள் லயத்து அறையை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். என் அப்பா மவுசாகலை அணைக்கட்டில் கல் தூக்கியவர். அவர் சுமந்த கூடையோ, பேர் போட்ட ஒரு சம்பளச் சீட்டோ எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் இல்லை. விக்டோரியாவில் பார்வையாளருக்கு என்று ஓர் இடம் இருக்கிறது, உண்மை. ஆனால் அணையின் உயரத்தையும் மெகாவாட்டையும் சொல்வது வேறு, அதைக் கட்டியவன் என்ன சாப்பிட்டான் என்று சொல்வது வேறு.

அணையையும் பார்த்துவிட்டு வாருங்கள். டிஸ்ஸெடாலிலிருந்து ஷெக்கெடால் பக்கம் ஒடுங்கிய பாதையில் ஏறினால் ரிங்கெடால் அணை. 1910இல் தொடங்கி 1918இல் முடித்தது. கல் கட்டு, 521 மீற்றர் நீளம், 33 மீற்றர் உயரம். செதுக்கி அடுக்கிய கல்லைப் பார்த்தால் கொத்தனார்மார் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்றுதான் மனம் போகும். அந்த நீர்த்தேக்கத்துக்கு மேலேதான் எல்லாரும் படம் எடுத்துப் போடுகிற ட்ரொல்துங்கா பாறை நீட்டிக்கொண்டு நிற்கிறது. பாறைக்கு ஏறுகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கீழே பின்னணியில் நீலமாகத் தெரிகிற ஏரி அணை கட்டி உயர்த்தியது என்று தெரியாது. அதற்குப் பக்கத்தில் டிஸ்ஸெஸ்ட்ரெங்கென என்று 600 மீற்றருக்கு மேல் விழுந்த ஒரு நீர்வீழ்ச்சி இருந்தது. 1967இல் இரண்டாவது நிலையம் வந்ததும் அதன் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள்.

அந்த இடத்தில் மகள் என்னிடம், 'மேல் கொத்மலை மின்திட்டத்துக்கு எதிராச் சண்டை பிடிச்சீங்களே அப்பா, சென்கிளேயர் நீர்வீழ்ச்சி போகுதுன்னு' என்றாள். பிடித்தேன்தான். 150 மெகாவாட் வேண்டும் என்று அலுவலகத்தில் பேசுவேன், தலவாக்கலை வழியாகப் போகும்போது நீர்வீழ்ச்சி மெலிந்ததைப் பார்த்து வயிறு எரிவேன். இரண்டும் ஒரே ஆள்தான். மவுசாகலையில் பழைய மஸ்கெலியாப் பட்டணமே தண்ணீருக்குக் கீழே போனது. வறட்சியில் மட்டம் இறங்கினால் பழைய கோயில் தலை காட்டும், சனம் போய்ப் பார்த்துவிட்டு வரும். கொழும்பில் சுவிட்சைத் தட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கோயில் தெரியும்? 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோதுதான் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் எவ்வளவு என்று என்னிடம் தெருவில் விசாரித்தார்கள்.

இன்னொரு விஷயம் என்னைப் பிடித்து உலுக்கியது. ரிங்கெடால் அணை முடிந்த அதே 1918இல்தான் எங்கள் பொறியியலாளர் விமலசுரேந்திர, இலங்கையின் நீர்மின் வளம் பற்றிய தன் கட்டுரையைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வாசித்தார். லக்சபானத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பிளாக்பூலில் 1912இலேயே ஒரு சின்ன நிலையம் ஓட்டிக் காட்டியவர் அவர். 1924இல் வேலை தொடங்கியது, 1927இல் நின்றது, லக்சபான ஓடத் தொடங்கியது 1950இல். டிஸ்ஸெடால்காரர்கள் 1906இல் தொடங்கி 1908இல் மின்சாரம் எடுத்துவிட்டார்கள். மலை ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான், அவசரப்பட ஆள் இருந்ததுதான் வித்தியாசம். இதை வழிகாட்டிப் பிள்ளையிடமும் சொன்னேன், அவள் விமலசுரேந்திரவின் பேரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

யாருக்கு இது சரிவராது? கைக்குழந்தையோடு போகிறவர்களுக்குக் கஷ்டம். ஜூலையிலும் மண்டபத்துக்குள் குளிர் இருக்கும், ஜாக்கெட் கட்டாயம். முழங்கால் வலிக்காரர்கள் அவசரமில்லாமல் போகவேண்டும். நிதானமாகப் பார்க்க அரை நாள் வேண்டும், ஒட்டா வீட்டையும் அணையையும் சேர்த்தால் முழு நாள். ரிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள், ஒரு குரோனர் முப்பது ரூபாய்க்குப் பக்கம், பெருக்கினால் தண்ணீர்ப் போத்தல்கூட வாங்க மனம் வராது. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டம்மா புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டினார், ஃபியோர்டைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இளசுகளுக்கு வேறு ஒரு சாகசம் உண்டு. குழாய் பதித்தவர்கள் ஏறிய அதே பாறையில், இரும்புப் படியும் கம்பியும் பிடித்து, வழிகாட்டியோடு லில்லெதொப் வரை ஏறலாம். இடுப்பில் பெல்ட் போட்டுக் கம்பியில் கொளுவிவிடுவார்கள். மருமகன் ஏறினார். வந்து ஒரு கிழமைக்குக் கையைத் தூக்க முடியவில்லை, ஆனால் அன்றைக்கு முழுவதும் வேறு பேச்சுப் பேசவும் இல்லை.

எங்கள் தேத்தண்ணிக் கூட்டத்தில் ஜம்பட்டா வீதி நண்பரின் மகன் வருகிற ஆகஸ்டில் ஒஸ்லோ போகிறானாம். வொஸ் பஸ்ஸைப் பிடி, திறக்கிற நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் அதனால் முன்பே பார்த்துக்கொள், பாறையில் ஏறுவதென்றால் இடத்தை முதலே பதிவு செய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கூடவே வழியில் லொஃப்ட்ஹூஸ் பக்கம் தோட்டத்துக்காரர்கள் ரோட்டோரத்தில் பெட்டியில் செரிப்பழம் வைத்திருப்பார்கள், ஆள் இருக்காது, காசை டப்பாவில் போட்டுவிட்டு எடுக்கவேண்டும் என்றும் சொன்னேன். மற்றதையெல்லாம் சும்மா தலையாட்டிக் கேட்டவன் அதை மட்டும் போனில் குறித்துக்கொண்டான்.